ஒரு போட்டோவுக்குச் சிரிங்க, அண்ணே

எங்கள் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில், தீயணைப்புக் கருவிக்கு மேலே, என் பற்கள் ஒட்டப்பட்டிருந்தன. கூடவே என் முகமும் இருந்ததுதான். ஆனால் பார்க்கிறவர் கண்ணில் முதலில் படுவது பற்கள். கணினித் திரையை அப்படியே படம் பிடித்து, கலரில் அச்சடித்து, நான்கு மூலையிலும் டேப் போட்டிருந்தார்கள். எட்டுக் கட்டங்கள், எட்டு முகங்கள். மற்ற ஏழு பேரும் ஏதோ சிரித்தோம் என்று பேர் பண்ணியிருக்க, நான் மட்டும் கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழனைப் போல இரண்டு கட்டைவிரலையும் தூக்கிக்கொண்டு, கடைவாய் வரை திறந்து காட்டியிருந்தேன். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: இடமாற்றம் பற்றிய கலந்தாலோசனை மகிழ்ச்சியுடன் நடைபெற்றது.

அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். வந்தது குமட்டல். காலையில் சாப்பிட்ட தோசை தொண்டை வரை ஏறி, அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்ப இறங்கியது.

நான் கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். பிளாஸ்டிக் போத்தல்களுக்கு மூடி செய்கிற கம்பெனி. வீடு கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸில். காலையில் ஊர் முழுக்க ரயிலில் நசுங்கிக் கோலாலம்பூருக்குள் வரும் நேரத்தில், நான் எதிர்த்திசை ரயிலில் காலை நீட்டி உட்கார்ந்து கிள்ளானுக்குப் போகிறவன். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சொகுசு அது. என்னைத் தொழிலாளர் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், தேநீர் நேரத்தில் நான் வாயை மூடுவதில்லை என்பது மட்டும்தான். "இவன நிர்வாகத்துக்கிட்ட அனுப்பினா அங்க போய்ப் பேசுவான், நமக்கு இங்க நிம்மதி" என்று யாரோ சொன்னதாகப் பிறகு தெரிந்தது. என்னோடு இன்னும் மூன்று பேர். அவர்களில் முக்கியமானவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மலாய்க்காரர். எல்லாருக்கும் அவர் அபாங், அதாவது அண்ணன். அவரைத் தேர்ந்தெடுத்தது அவர் பேசமாட்டார் என்பதற்காக. எங்கள் இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஒரு ஒழுங்கான மனுஷன் கிடைப்பான்.

முன்பெல்லாம் நிர்வாகத்தோடு பேசுவது என்றால் கேன்டீனில்தான். நீள மேசையின் ஒரு பக்கம் அவர்கள், மறுபக்கம் நாங்கள், நடுவில் ஒரு தட்டு கறிபாப். உள்ளே உருளைக்கிழங்கு சூடாக இருக்கும், நாக்கு சுடும், இரு தரப்புக்கும் ஒரே மாதிரி சுடும். ஒரு தடவை டைரக்டர் ஓவர்டைம் பற்றி ஏதோ வளைத்து வளைத்துச் சொன்னபோது, அபாங் தன் பாதுகாப்பு ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் 'டக்' என்று வைத்தார். அவ்வளவுதான். பேச்சு நேராகிவிட்டது. கணினியில் ஹெல்மெட்டை எங்கே வைப்பது?

கொரோனா வந்தபோது எல்லாம் திரைக்குப் போனது. அப்போது அது நியாயம். பிறகு கொரோனா போனது. கல்யாண மண்டபங்கள் நிரம்பின, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளில் வரிசை திரும்ப வந்தது, முகக்கவசங்கள் மேசை இழுப்பறைகளுக்குள் போயின. கூட்டம் மட்டும் கேன்டீனுக்குத் திரும்பவில்லை. "வசதி லா அண்ணே" என்றான் மனிதவளப் பிரிவுத் தம்பி. யாருக்கு வசதி என்று கேட்கத் தேவை இல்லை. தலைமை அலுவலகம் அம்பாங்கில். டைரக்டர் நெடுஞ்சாலை நெரிசலில் கிள்ளான் வரை வந்து எங்கள் முகங்களைப் பார்க்க வேண்டிய துன்பம் இல்லை.

திரைக் கூட்டத்துக்கு அவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். தம்பிதான் கூட்டத்தை நடத்துவான். நுழைந்ததும் எங்கள் மைக் எல்லாவற்றையும் அவனே மூடிவிடுவான். மூடி செய்கிற கம்பெனி, அனுபவம் இருக்காதா? கேள்வி இருந்தால் சாட் பெட்டியில் எழுத வேண்டும். கடைசியில் மட்டும் மைக்கைத் திறப்பான். எதற்கு? குழுப்படத்துக்கு.

நம் நாட்டில் படம் எடுக்காமல் எந்தக் கூட்டமும் முடிந்ததாக ஆகாது. ரத்த தானம், கோயில் பொதுக்கூட்டம், பள்ளிக்கூட நன்கொடை, அடுக்குமாடியில் தண்ணீர் வராததற்குக் கூடிய அவசரக் கூட்டம், எதுவானாலும் கடைசியில் வரிசையாக நின்று பல்லைக் காட்ட வேண்டும். சாவு வீட்டில் மட்டும்தான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதையும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன். மற்ற எதையும் மறுக்கிற ஆள்கூடப் படத்தை மறுக்க மாட்டான். எங்கள் தம்பி அதற்கு மேல் ஒரு படி போனான். எல்லாரும் மைக்கைத் திறந்து, கட்டைவிரலைத் தூக்கி, கம்பெனியின் வாசகத்தைக் கத்த வேண்டும்: "டுகெதர் வீ குரோ!"

இப்படி இருக்கும்போதுதான் தொழிற்சாலையைக் கோலாலம்பூருக்குத் தெற்கே ஸ்ரீ கெம்பாங்கானுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். மெஷின் போகும், ஆள் போகலாம், கம்பெனி பஸ் போகாது. கிள்ளானுக்குள் சுற்றி ஆட்களை ஏற்றிவந்த பழைய நீல பஸ்ஸை நிறுத்திவிடுவார்களாம்.

பாதிப் பேருக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. சிலர் கார் கூட்டாளி பிடித்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டது ஆறு பெண்கள். அதில் மூத்தவர், மூடியில் ஓட்டை இருக்கிறதா என்று சோதிக்கிற பிரிவில் வேலை பார்க்கும் அக்கா. வயது ஐம்பதைத் தாண்டியாயிற்று. கணவர் ஜொகூர் பக்கம் லோரி ஓட்டுகிறவர், வாரக் கடைசியில்தான் வீட்டைப் பார்ப்பார். காலை ஏழு மணி ஷிஃப்ட். கிள்ளானில் முதல் ரயிலைப் பிடித்து, கேஎல் சென்ட்ரலில் மாறி, செர்டாங்கில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்துப் போனாலும், அவர் போய்ச் சேரும்போது முதல் பெட்டி மூடி லோரி ஏறியிருக்கும்.

"கார் ஓட்டக் கத்துக்கக் கூடாதாக்கா?" என்று ஒரு நாள் தெரியாமல் கேட்டுவிட்டேன்.

"கத்துக்கப் போனேன் தம்பி. பாதி ரோட்டுல வாத்தியார் இறங்கி நடந்து போயிட்டாரு."

இதில் அருவருப்பான தந்திரம் எங்கே என்றால், கம்பெனி யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை. நீக்கினால் இழப்பீடு தர வேண்டும். உங்கள் நாற்காலி ஸ்ரீ கெம்பாங்கானில் பத்திரமாக இருக்கிறது, வாருங்கள் என்பார்கள். வர முடியாதவர் தாமாகவே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெறும் கையோடு போக வேண்டியதுதான். கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டை உருவிக்கொள்கிற வேலை.

"நீதான பிரதிநிதி? பஸ்ஸக் கேளு" என்றார் அக்கா. "வேற ஒன்னும் கேக்க வேணாம். டீவி கேக்கல, ஏர்கோன் கேக்கல. பஸ் இருந்தா எனக்கு வேல இருக்கு. இல்லன்னா இல்ல."

"கேக்கறேன்க்கா. விடமாட்டேன்."

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் இருக்கிற எனக்கு ஸ்ரீ கெம்பாங்கான் கிள்ளானைவிடக் கிட்ட. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

முதல் கூட்டத்தில் வீட்டிலிருந்தே சேர்ந்துகொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை, வகிடெடுத்த தலை. என் மனைவி வெங்காயத் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"கூட்டம். தொழிலாளர் உரிமை."

"உரிமைக்குப் பவுடர் எதுக்கு?"

திரை திறந்தது. தம்பி ஒரு கடற்கரைப் படத்தைப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையைத் திருப்பும்போதெல்லாம் காதிலிருந்து ஒரு தென்னைமரம் முளைத்தது. "நாம எல்லாம் ஒரே குடும்பம்" என்று ஆரம்பித்தான். குடும்பம் என்ற சொல்லைக் கேட்டாலே நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். டைரக்டரின் கட்டத்தில் நாசி லெமாக், கோழியோடு தேங்காய்ப்பால் சோறு. எங்களுக்குப் பேச மைக் இல்லை. அவருக்கோ மென்று தின்னவே மைக் திறந்திருந்தது. கோழிக்கால் எலும்பு உடைகிற சத்தம் என் அறைக்குள் கேட்டது.

பக்கம் பக்கமாகப் படம் காட்டினார்கள். பஸ்ஸை நிறுத்துவதற்கு அவர்கள் வைத்திருந்த தலைப்பு 'போக்குவரத்துச் சுதந்திரம்'. இனிமேல் ஊழியர்கள் தங்களுக்குப் பிடித்த வழியில் வேலைக்கு வரலாமாம். இதுவரை எங்களைச் சங்கிலி போட்டு நீல பஸ்ஸில் ஏற்றியது போல.

நான் சாட்டில் எழுதினேன்: கிள்ளான் பஸ் இல்லாவிட்டால் ஆறு பேர் எப்படி வருவார்கள்? தம்பி பதில் போட்டான்: நல்ல கேள்வி, நன்றி. பக்கத்தில் ஒரு சின்னப் பூ. நான் கை தூக்கும் பொத்தானை அழுத்தினேன். அவன் கையை இறக்கிவிட்டான். திரும்பத் தூக்கினேன். இறக்கினான். பள்ளிக்கூடக் கொடிக்கம்பம் மாதிரி என் கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் டைரக்டர் ஒரு பல்குச்சியை எடுத்து, கடைவாயில் நோண்டி, நுனியில் வந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மறுபடியும் வாய்க்குள்ளேயே போட்டுக்கொண்டார். கிள்ளான் பஸ் பற்றிய பக்கம் அப்போதுதான் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்துக்கு அவர் பார்வையில் ஒரு வினாடிகூடக் கிடைக்கவில்லை.

முடிவில் மைக்குகள் திறந்தன. மூடி வைத்த சத்தமெல்லாம் ஒரேயடியாகக் கொட்டியது. அபாங் பக்கமிருந்து ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகிற பீப் பீப், யாரோ இருமல், என் வீட்டுக் குக்கர் விசில். "சிரிங்க! சத்து, டுவா, தீகா!" என்று தம்பி மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினான்.

கேமராவைக் கண்டால் என் வாய்க்குத் தனிச் சட்டம். மூளையிடம் அனுமதி கேட்காது. மனசுக்குள் பொருமிக்கொண்டேதான் இருந்தேன். அதற்குள் பற்கள் வெளியே போய் நின்றுவிட்டன.

மறுநாள் அந்தப் பலகையின் முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோது, அக்கா வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு தம்பி இது?"

"நான்தான்க்கா."

"பல்லு நல்லாருக்கு. எந்த டாக்டரு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். தாமதம்தான்.

"பஸ்ஸக் கேக்கச் சொன்னேனே?"

"கேட்டேன்க்கா. டைப் பண்ணேன்."

"என்ன சொன்னாங்க?"

"பூ போட்டாங்க."

"எதுக்கு? என் போட்டோவுக்கு மாலை கட்டவா?"

கேட்டுவிட்டு அக்கா நிற்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு லைனுக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருப்பேன். மதியம் அவர் சாப்பிடாமல் உட்கார்ந்து, கைப்பேசியில் ரயில் நேரங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததை ஸ்டோர் சன்னல் வழியாகக் கண்டேன். நேரம் மாறவே மாறாது என்று தெரிந்தும், திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தம்பிக்குப் போன் போட்டேன்.

"அண்ணே! எப்படி இருக்கீங்க? வீட்ல சுகமா? சாப்பிட்டாச்சா?"

"தம்பி, அடுத்த கூட்டத்த கேன்டீன்ல வைங்க. நேரா உக்காந்து பேசுவோம்."

"டைரக்டருக்கு டைம் இல்ல லா அண்ணே."

"அப்ப மைக்கையாவது திறந்து விடுங்க."

குரலைத் தணித்துக்கொண்டான். ரகசியம் சொல்கிற சுகம் அதில் இருந்தது. "அண்ணே, உங்கள என் சொந்த அண்ணனா நெனச்சுச் சொல்றேன். வெளிய சொல்லாதீங்க. மேல உள்ள ஓனருங்க வெளிநாட்டுல இருக்காங்க. தொழிலாளிங்ககிட்ட கேட்டுட்டுத்தான் ஃபேக்டரிய மாத்தறோம்னு அவங்களுக்குக் காட்டணும். ரெண்டு கூட்டம், ரெண்டு போட்டோ. அதான் பாப்பாங்க. அடுத்த தடவ சன்னல் பக்கமா உக்காருங்க அண்ணே, போன தடவ உங்க முகம் கொஞ்சம் டார்க்கா விழுந்திருச்சு. சிரிப்பு மட்டும் சூப்பர்."

போனை வைத்துவிட்டு எனக்குக் காதைக் கழுவ வேண்டும் போலிருந்தது. உண்மையிலேயே குழாயடிக்குப் போய்க் கழுவினேன். தேன் தடவிய விரலை யாரோ காதுக்குள் விட்டு ஆட்டியது போன்ற பிசுபிசுப்பு. அவன் கெட்டவன்கூட இல்லை. அதுதான் இன்னும் மோசம். என் முகம் இருட்டாக விழுந்ததற்கு உண்மையாகவே வருத்தப்பட்டான்.

மாலையில் தொழிற்சாலைக்கு எதிரே உள்ள தே தாரிக் கடையில் அபாங்கிடமும் அக்காவிடமும் எல்லாவற்றையும் கொட்டினேன். கலந்தாலோசனை என்றால் அந்தப் படம்தான். மற்றதெல்லாம் பொட்டலம் கட்டுகிற காகிதம்.

"அப்ப போட்டோவக் குடுக்காதீங்க" என்றார் அக்கா, கண்ணாடிக் குவளைத் தேநீரை ஆற்றிக்கொண்டே.

"கூட்டத்துக்குப் போகாம இருந்தா, வர மறுத்துட்டாங்கன்னு எழுதிடுவானுங்க."

"போங்க. உக்காருங்க. சிரிக்காதீங்க. மூஞ்சிய உம்முன்னு வெச்சிருந்தா எந்த ஓனருக்கு அனுப்புவான்?" பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா உன்னால முடியாது தம்பி."

"ஏன் முடியாது?"

பேசாத அபாங் பேசினார். எங்களோடு வேலை பார்த்துப் பழகிய தமிழில், "இவன் முடியாது. சாக்சோபோன் மாதிரி, எப்பவும் வாய் தொறந்து" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று இரவிலிருந்து கண்ணாடி முன்னால் பயிற்சி. ஒரு மனிதன் தன் வீட்டில், தன் கண்ணாடியில், சிரிக்காமல் நிற்கப் பழகுவதைவிடச் சிரிப்பு மூட்டும் காட்சி உலகத்தில் இல்லை. நான் தோற்றுக்கொண்டே இருந்தேன்.

"உங்களால ஆகாது" என்றாள் மனைவி. "எங்கப்பா செத்த அன்னிக்கே சிரிச்ச ஆளு நீங்க."

"அது உங்க சித்தப்பா வேட்டி அவுந்ததுக்கு."

"அதுக்கு நான் சிரிச்சேனா?"

இரண்டாவது கூட்டத்துக்கு நாங்கள் நான்கு பேரும் கேன்டீனிலேயே, பழைய நீள மேசையில், ஒரே லேப்டாப்பின் முன்னால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தோம். என் சொந்தச் செலவில் ஒரு தட்டு கறிபாப் வாங்கி நடுவில் வைத்திருந்தேன். எதிர்ப்பக்கம் நாற்காலிகள் காலியாக இருந்தன. அக்கா இடைவேளை எடுத்துக்கொண்டு, கேமராவில் விழாத ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணே, எல்லாரும் ஒரே பாக்ஸ்ல உக்காந்தா போட்டோல ஆள் கம்மியாத் தெரியும் லா" என்று தம்பி கவலைப்பட்டான். எங்கள் மைக் மூடியிருந்ததால் பதில் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. மூடிய மைக்கிலும் ஒரு வசதி இருந்தது.

டைரக்டர் இந்த முறை சாப்பிடவில்லை. நகம் வெட்டிக்கொண்டிருந்தார். போக்குவரத்துச் சுதந்திரம், டிக். உங்கள் கருத்துகளுக்கு நாங்கள் மதிப்பளிக்கிறோம், டிக். ஒரு துண்டு தெறித்து அவருடைய கேமராவின் மேலேயே விழுந்தது போலிருக்கிறது. அவர் முகத்தின் குறுக்கே ஒரு மங்கலான பிறை தோன்றியது. கூட்டம் முடிகிற வரை அதை அவர் துடைக்கவில்லை. நான் கையில் எடுத்த கறிபாப்பைத் திரும்பத் தட்டில் வைத்தேன். என் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை.

கடைசியில் தம்பியின் குரல் துள்ளியது. "ஓகே, போட்டோ! எல்லார் மைக்கும் ஓப்பன். சிரிங்க! சத்து, டுவா..."

நாங்கள் சிரிக்கவில்லை. கட்டைவிரல்கள் மேசைக்கு அடியில் இருந்தன.

"தீகா! அண்ணே, சிரிங்க."

அசையவில்லை.

"ஹலோ? லைன் ஹேங் ஆயிருச்சா? அண்ணே, ஹேங்கா?"

எனக்கு உதட்டோரம் துடிக்க ஆரம்பித்தது. அவன் எங்களை உறைந்த படம் என்று நினைத்துத் தன் திரையைத் தட்டிக்கொண்டிருந்தான். தென்னைமரம் அவன் மூக்கிலிருந்து முளைத்தது. உள்ளே சிரிப்பு கொதித்து ஏறியது. என் மாமனாரை நினைத்தேன். உதவவில்லை, சித்தப்பாவின் வேட்டிதான் நினைவுக்கு வந்தது. அபாங் மேசைக்கு அடியில் என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். பெட்டி தூக்குகிற கை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்த்தவர்களுக்கு நான் மிகுந்த துயரத்தில் இருப்பது போலத் தெரிந்திருக்கும். உண்மையும் அதுதான்.

அப்போது அக்கா எழுந்து வந்து, எங்கள் தலைகளுக்கு நடுவே குனிந்து, கேமராவுக்குள் முகத்தை நுழைத்தார்.

"பாஸ்" என்றார், மலாயும் தமிழும் கலந்து. "நான் வேலைய விடல. நீங்கதான் பஸ்ஸ நிறுத்தறீங்க. பஸ் இல்லாம நான் ஏழு மணிக்கு எப்படி வர்றது? நீங்களே சொல்லுங்க. எந்த ரயிலு? ஒரு நாளைக்கு என் கூட வாங்க, கிள்ளான்லேர்ந்து சேர்ந்து போவோம்."

"அக்கா, அக்கா, இது போட்டோ செஷன் லா!"

"அதான் தம்பி. இப்பதான மைக்கு திறந்திருக்கு."

தம்பி எங்கள் மைக்கை மூடினான். அக்கா பேசிக்கொண்டேதான் இருந்தார், சத்தம் போகவில்லை. ஆனால் பதற்றத்தில் டைரக்டரின் மைக்கை மூட மறந்துவிட்டான். அவர் பேசியது எங்கள் கேன்டீன் முழுக்கக் கேட்டது.

"என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

"கிள்ளான்லேர்ந்து போக்குவரத்து, பாஸ்."

"எத்தன பேரு?"

"ஆறு பேரு."

டிக். ஒரு நகம்.

"ஒரு வேன் குடுத்துடு லா. எனக்கு அடுத்த மீட்டிங் இருக்கு. போட்டோவ எடு."

அவ்வளவுதான்.

ஜெயித்துவிட்டோம் என்று பக்கத்தில் ஒருவர் என் முதுகில் தட்டினார். எனக்கோ அந்தத் தட்டலை வாங்கிக்கொள்ளப் பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமா? ஒரு நகத்துக்கும் அடுத்த நகத்துக்கும் நடுவில் கொடுக்க முடிகிற ஒன்றுக்காகவா அந்த அம்மா வாரக்கணக்காகச் சோற்றை ஒதுக்கிவிட்டு ரயில் நேரத்தைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்? மறுப்பதற்கு டைரக்டரிடம் ஒரு காரணமும் இருந்ததில்லை. கேள்வி அவர் காதுக்குப் போகவில்லை, போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு முழுப் பிரிவே சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தது. எங்களை எதிர்த்து நிற்கிற எதிரி என்று ஒருவர் இருந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும்.

மைக் திரும்பத் திறந்தது. தம்பியின் குரலில் தேன் வழிந்தது. "அக்கா, நல்ல சேதி! நிர்வாகம் ஆழமா யோசிச்சுப் பாத்து, வேன் குடுக்குது. ஆறு மாசத்துக்கு. அப்புறம் பாக்கலாம். இப்ப எல்லாரும் சிரிக்கலாமா?"

"வேன் வரட்டும்" என்றார் அக்கா. "ஏறி உக்காந்த பொறவு சிரிக்கிறேன்."

அப்படியே படம் எடுத்தான். வேறு வழி இல்லை. போலீஸ் நிலையத்தில் வரிசையாக நிறுத்தியவர்களைப் போல நான்கு பேர், நடுவில் அக்காவின் பாதி முகம், என் கண்ணில் தண்ணீர், ஓரத்தில் யாரும் தொடாத கறிபாப்.

அந்தப் படம் பலகைக்கு வரவில்லை. அடுத்த வாரம் கம்பெனிச் செய்தி மடலில் இரண்டாவது கலந்தாலோசனையும் மகிழ்ச்சியுடன் நிறைவடைந்தது என்று போட்டிருந்தார்கள். மேலே முதல் கூட்டத்துப் படம். என் பற்கள் எனக்குத் தெரியாமலேயே இன்னொரு முறையும் ஒப்புக்கொண்டிருந்தன.

ஆனால் வேன் வந்தது. ஸ்ரீ கெம்பாங்கானில் முதல் நாள் காலை, நான் கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் வாங்கிய இரண்டு கறிபாப் கையில், பிளாஸ்டிக் பையில். வந்து நின்றது ஒரு பழைய ஸ்கூல் வேன். பக்கவாட்டில் வெளிறிப்போன முயலும் கரடியும் ஒட்டியிருந்தன. கதவைத் தள்ளியதும் புளித்த பால் வாடை என் வரைக்கும் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கைகள். ஆறு பெண்களும் முழங்கால் மோவாயில் இடிக்க மடங்கி உட்கார்ந்து கிள்ளானிலிருந்து வந்திருந்தார்கள். அக்காதான் கடைசியாக இறங்கினார். இறங்கி, இடுப்பைப் பிடித்து நிமிர்ந்து, பாவாடையில் ஒட்டியிருந்த எவனோ ஒரு பையனுடைய பழைய சுவிங்கத்தைக் கிள்ளி எடுத்தார்.

"எப்படிக்கா இருந்துச்சு?"

"நாலாங் கிளாஸ் போன மாதிரி இருந்துச்சு" என்றார். மணி ஏழாகவில்லை. அதைக் கைப்பேசியில் பார்த்தார். பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். அன்று அவர் அதற்கு மேல் அதைத் தள்ளிப் பார்க்கவில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் தம்பி தயாராக நின்றான், கைப்பேசியைப் பிடித்தபடி. திரையில் இல்லாத தம்பியைப் பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். காதில் தென்னைமரம் இல்லாமல் ஆளே குள்ளமாகத் தெரிந்தான்.

"அக்கா! வேன் முன்னாடி ஒரு நிமிசம் நில்லுங்க. ஏறி உக்காந்தா சிரிக்கிறேன்னு சொன்னீங்களே!"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உக்கார எடம் எங்கப்பா இருந்துச்சு?" என்றார். வருகைப் பதிவு அட்டையைத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். மற்ற ஐந்து பேரும் பின்னாலேயே போனார்கள்.

தம்பி சுற்றுமுற்றும் பார்த்தான். கைப்பேசி மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"அண்ணே, நீங்களாவது. வேனோட. ஒரே ஒரு போட்டோவுக்குச் சிரிங்க."

என் உதடு விரிய ஆரம்பிப்பதை நானே உணர்ந்தேன். கேமராவைப் பார்த்துவிட்டது, இனி என் பேச்சைக் கேட்காது. யோசிக்க நேரம் இல்லை. கையில் இருந்த பையிலிருந்து ஒரு கறிபாப்பை எடுத்து முழுதாக வாய்க்குள் திணித்தேன். அது போதாது என்று பட்டதால் இரண்டாவதையும். கன்னம் இரண்டும் உப்ப, உருளைக்கிழங்கும் மாவும் மீசையில் வழிய, கண் பிதுங்க நின்றேன். அவன் எடுத்துவிட்டான்.

அந்தப் படத்தை அவர்கள் இன்னும் எங்கேயும் போடவில்லை.